நவீன துவாரபாலகர்

சிவன் கோவிலானாலும் பெருமாள் கோவிலானாலும், மூலஸ்தானத்து வாசலின் இரு மருங்கிலும் கதாயுதத்தை ஊன்றி, கோரைப் பல் தெரிய, சுட்டு விரலை உயர்த்தி, ‘உள்ளே இருப்பவர் யார் தெரியுமா, ஜாக்கிரதை!’ என்று எச்சரிக்கும் பாவனையில் நிற்கிற துவாரபாலகர்களைக் கண்டு சிறு பிராயத்தில் நான் பயந்ததுண்டு. வயது ஏற ஏற அந்தப் பயம் பரிதாபமாக மாறிவிட்டது. உள்ளே அபிஷேகமும் அலங்காரமும் தீபாராதனையும் நடக்க, எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கண்ணாரச் சேவித்துப் போக, சுவாமிக்கு எல்லோரையும்விடச் சமீபத்தில் நிற்கிற அந்த இரண்டு பேர் மாத்திரம் வெளிப்பக்கமே பார்த்து நிற்பதால், ஒரு நாளாவது தரிசனம் கண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தானே?

கல்லில் மாத்திரம் காணக்கூடிய இந்தப் பிரகிருதியை நான் ரத்தமும் சதையுமாகத் தரிசித்தது, கோயம்புத்தூரில் நான் கணக்கெழுதுகிற மோட்டார் பம்பு கம்பெனியில்தான். உங்கள் காரியாலயத்திலும் இவர் நிச்சயமாக இருப்பார். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்போன், தோளில் சுருட்டிய லேன் கேபிள், கண்ணில் சதா சர்வகாலமும் ஒரு சந்தேகம் – இவ்வளவும் ஒருங்கே அமைந்த ஆசாமி எதிர்ப்பட்டால், ‘அவர்தான் இவர்’ என்று தயங்காமல் கைகுவிக்கலாம்.

2020-ஆம் வருஷத்துக்கு முன்னால் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பிரிண்டருக்கு மை தீர்ந்தால் கூப்பிடுவார்கள். மவுஸ் நகராவிட்டால் கூப்பிடுவார்கள். இரண்டும் சரியாக இருந்தால் அவர் பெயரே யாருக்கும் ஞாபகம் வராது. அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் தேசம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தபோது, மதுரை, விஜயவாடா, நாகபுரி என்று சிதறிக்கிடந்த எங்கள் கிளைகளை ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் கொண்டுவந்து உட்கார்த்தும் வித்தை அவர் ஒருவருக்கே கைவந்திருந்தது. ஸூம் என்ற மென்பொருளில் 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 கோடியாக இருந்த கூட்டப் பங்கேற்பு, 2020 ஏப்ரலில் 30 கோடியாயிற்று. ஒரே மனிதர் ஒரு நாளில் நாலு கூட்டத்தில் உட்கார்ந்தால் நாலு தலையாக எண்ணுகிற கணக்கு அது என்றாலும், அத்தனை தலைகளும் தம்மை நம்பியே உள்ளே வந்தன என்பதுபோல் எங்களவர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியது அப்போதுதான்.

மற்றவர்களுக்குக் கூட்டம் பதினொரு மணிக்கு ஆரம்பமாகும். அவருக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆரம்பமாகிவிடும். வைஃபை என்பது காற்றில் கட்டிய கோட்டை என்ற திடமான அபிப்பிராயமுடையவராதலால், கூட்ட அறைக் கம்ப்யூட்டருக்குச் சுவரோரமாகக் கேபிள் இழுப்பார். கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். வைத்துவிட்டு ரௌட்டரை மறந்துபோகிற உலகத்தாரின் அஞ்ஞானத்துக்கு இரங்கி, ரௌட்டருக்கும் தனியாக ஒன்று வைப்பார். ஒரே அறையில் இரண்டு மடிக்கணினிகள் ஒலியோடு திறந்திருந்தால், ஒன்றின் ஒலிபெருக்கியை மற்றொன்றின் மைக் கேட்டுத் திருப்பி அனுப்ப, அதை முதலாவது கேட்டு மறுபடி அனுப்ப, கடைசியில் நடுநிசி நாய்களைப்போல் இரண்டும் ஊளையிட ஆரம்பித்துவிடுமாதலால், இரண்டாவதைத் திறக்கிறவர் பொது மானேஜராகவே இருந்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவார்.

பிறகு ஃபயர்வாலின் முன் உட்காருவார். படமும் குரலும் தங்கு தடையின்றி வந்துபோக 8801 முதல் 8810 வரையிலான வாசல்களைத் திறந்துவைக்க வேண்டுமென்பது ஸூமின் விதி. அவற்றை அடைத்துவிட்டால், சகல போக்குவரத்தும் 443 என்ற பொதுவாசல் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வந்து, பேசுகிறவரின் வாய் ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகக்கூடும். “மனுச உடம்புக்கு ஒன்பது வாசல்ங்க சார், மீட்டிங்குக்குப் பத்து” என்று அவர் என்னிடம் சொன்னபோது, அந்தக் குரலில் தொனித்தது வேதாந்தமா உத்தியோக கர்வமா என்று என்னால் நிர்ணயிக்க முடியவில்லை.

திறப்பதில் இத்தனை சிரத்தையுள்ளவர் பூட்டுவதில் எப்படியிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ? ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய எண். ஒரு முறை உபயோகித்த லிங்க்கை மறுமுறை தொடமாட்டார். அதற்குமேல் பாஸ்வேர்டு, அதற்குமேல் வெயிட்டிங் ரூம், உள்ளே வருகிறவர் எவராயினும் வாய் பூட்டப்பட்டே வரவேண்டும், ஹோஸ்டைத் தவிர வேறெவரும் திரையில் எதையும் காட்டக்கூடாது, பத்து நிமிஷம் கழிந்ததும் கூட்டத்துக்கே ஒரு பூட்டு. பாஸ்வேர்டை லிங்க்கோடு சேர்த்து அனுப்புவது, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவதற்குச் சமானம் என்று கருதி, கிளைக்குக் கிளை டெலிபோன் செய்து வாயாலேயே உபதேசிப்பார். மதுரைக் கிளை மானேஜருக்கு அவர் உபதேசித்த வைபவத்தை நானே என் காதால் கேட்டேன்.

“எழுதிக்கிறீங்களா சார்? பெரிய எழுத்து கே.”

“கேட்டுக்கிட்டுத்தான் தம்பி இருக்கேன், சொல்லுங்க.”

“சொல்லீட்டனுங்க. கே.”

“அதான் கேக்குறேன்னு சொல்றேன்ல!”

“அய்யோ சார், கே-ங்கிறதுதானுங்க பாஸ்வேர்டு!”

கால் மணி நேரம் நடந்த அந்தச் சம்பாஷணையின் முடிவில் மதுரை மானேஜர் எட்டு எழுத்தையும் பழுதில்லாமல் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்ட கையோடு, மறந்துபோகுமே என்ற முன்யோசனையினால், அந்தச் சீட்டைப் போட்டோப் பிடித்து, முந்நூறு பேர் இருக்கிற வாட்ஸாப் குழுவிலும் போட்டுவைத்தார்.

இந்த விபரீதம் எங்கள் கம்பெனியோடு நிற்பதல்ல என்பதற்கு அவர் கைவசம் புராணங்கள் உண்டு. கூட்டம் தொடங்குமுன் ஒன்றையாவது பாராயணம் செய்யாமல் விடமாட்டார். 2020 மார்ச் 31-ஆம் தேதி, பிரிட்டிஷ் பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன், மந்திரிசபை முழுவதையும் திரையில் கூட்டிய பெருமையை உலகுக்கு அறிவிக்க ட்விட்டரில் ஒரு படம் போட்டார். படத்தின் மூலையிலே கூட்டத்தின் எண் பளிச்சென்று தெரிந்தது. அதே வருஷம் நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு மந்திரிகள் ரகசியமாகக் கூடியபோது, நெதர்லாந்து மந்திரியின் ட்விட்டர் படம் ஒன்றில் ஆறு இலக்கச் சங்கேத எண்ணின் ஐந்து இலக்கங்கள் விழுந்துவிட, அந்நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் ஆறாவதை ஊகித்து உள்ளே நுழைந்து, மந்திரிகளுக்குக் கையசைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியேறினார். “ஆறாவது நம்பரைக் கண்டுபுடிக்கப் பத்துத் தடவை முயற்சி பண்ணினாப் போதுமுங்க சார். பாதுகாப்பு மந்திரிங்க!” என்று சொல்லி, கண்ணை மூடிச் சற்று மௌனமாக இருப்பார். அந்தக் காலத்தில் அழையா விருந்தாளிகள் பிறர் கூட்டங்களில் புகுந்து செய்த ஆபாச அட்டகாசம் தாங்காமல் அமெரிக்கப் போலீஸ் இலாகாவான எஃப்.பி.ஐ. எச்சரிக்கை விடுத்ததையும், அதற்கடுத்த சில தினங்களிலேயே ஸூம்காரர்கள் பாஸ்வேர்டையும் வெயிட்டிங் ரூமையும் கேளாமலே போட்டுத்தர முன்வந்ததையும், தர்மம் ஜயித்த உத்தர காண்டமாக வர்ணிப்பார்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட புராணம் ஒன்று உண்டு. விதி அதைத்தான் அவருக்காக எடுத்துவைத்திருந்தது. வைகுண்டத்து வாசலில் காவல் நின்ற ஜயனும் விஜயனும், ஐந்து வயதுப் பாலகர்களைப்போல் தோற்றமளித்த சனகாதி முனிவர்களை இன்னாரென்று உணராமல் தடுத்து, சாபம் வாங்கிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் வருஷாந்தர விற்பனைக் கூட்டத்தன்று, கம்பெனியை ஸ்தாபித்த பெரியவர் சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். அவருடைய மடிக்கணினி அன்று பார்த்து மக்கர் செய்ய, பேத்தியின் கருவியை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்து சேர்ந்தார். வெயிட்டிங் ரூமில் தோன்றிய திருநாமம்: ‘குட்டிம்மா ஐபேட்’.

துவாரபாலகரின் பட்டியலில் குட்டிம்மா என்று எவரும் இல்லை. ஒரு கணமும் தாமதியாமல் நீக்கிவிட்டார். நீக்கப்பட்டவர் அந்தக் கூட்டத்துக்குள் மறுபடி பிரவேசிக்க இயலாது என்பது மென்பொருளின் வழக்கமான ஏற்பாடாகையால், பெரியவர் எத்தனை முறை தட்டியும் கதவு திறக்கவில்லை. உள்ளேயோ, இருபத்து மூன்று பேர் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு, “பெரியவர் இன்னும் வரலீங்களா?” என்று கேட்டவண்ணம் இருக்க, “வந்ததும் நானே உள்ளே விடறனுங்க” என்று எங்களவர் அபயஹஸ்தம் காட்டிக்கொண்டிருந்தார். இருபதாவது நிமிஷம் டெலிபோன் மணி அடித்தது.

“ஏந்தம்பி, என்ற கம்பெனிக்குள்ள வாரதுக்கு நான் யாரைக் கேக்கோணும்?”

ஜய விஜயர்களுக்கு, ஏழு ஜன்மம் பக்தர்களாகப் பிறக்கிறீர்களா, மூன்று ஜன்மம் விரோதிகளாகப் பிறக்கிறீர்களா என்று பகவான் இஷ்டத்தைக் கேட்டாராம். எங்கள் பொது மானேஜரும் தயாளுதான். ஏழு மாதம் விற்பனைக் கூட்டங்கள் அனைத்திலும் உட்கார்ந்து குறிப்பெழுதுகிறாயா, மூன்று மாதம் ஒண்டிப்புதூர்க் கிடங்கில் சரக்கை எண்ணுகிறாயா என்று கேட்டார். கூட்டங்களுக்குள் என்ன நடக்கிறதென்பதை அன்றுவரை அறிந்திராவிட்டாலும், எண்ணற்ற கூட்டங்களின் வாசலில் நின்ற அனுபவத்தால் ஒருவாறு ஊகித்திருந்தார் போலும்; கிடங்கே மேல் என்று போய்விட்டார்.

அவர் இல்லாத மூன்று மாதமும் நாங்கள் அனுபவித்த சுதந்திரத்தை எப்படி வர்ணிப்பேன்! பாஸ்வேர்டு இல்லை, வெயிட்டிங் ரூம் இல்லை, பழைய லிங்க் ஒன்றையே எல்லாக் கூட்டத்துக்கும் வைத்துக்கொண்டோம். வந்தவரெல்லாம் வந்தார்கள், ஊளையிட்டதெல்லாம் ஊளையிட்டது. மூன்றாவது மாதம், புதிய விலைப் பட்டியலைத் திரையில் காட்டிப் பொது மானேஜர் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு குரல் மிகுந்த பவ்வியத்துடன் குறுக்கிட்டது: “சார், அஞ்சு ஹார்ஸ்பவர் மோட்டாருக்குக் கழிவு கூட்டித் தப்பாப் போட்டிருக்குதுங்க.” கணக்குப் போட்டுப் பார்த்தோம், குரல் சொன்னது ரொம்பச் சரி. யாரென்று பார்த்தோம், போன வருஷம் எங்களை விட்டு விலகி, போட்டிக் கம்பெனியில் அமர்ந்துவிட்ட விற்பனைப் பிரதிநிதி. பழைய லிங்க் அவர் டெலிபோனில் பத்திரமாக இருந்ததால் மூன்று மாதமாக ஒரு கூட்டம் தவறாமல் ஆஜராகியிருக்கிறார். முந்தின கூட்டத்தில், “ஸ்கிரீன் தெரியலீங்க” என்று அவர் முறையிட, நாங்களே சரிசெய்தும் கொடுத்திருக்கிறோம். தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்கமுடியாத நல்ல பழக்கத்தை எங்கள் கம்பெனியில் கற்றுக்கொண்டிராவிட்டால், மனுஷர் பென்ஷன் வயது வரைக்கும் பிடிபட்டிருக்கமாட்டார்.

அன்று சாயங்காலமே கிடங்குக்குக் கார் போயிற்று. சாபவிமோசனம் பெற்றுத் திரும்பியவருடைய பட்டியலில் இப்போது ‘குட்டிம்மா ஐபேட்’ முதல் வரியில் இருக்கிறது. ஆயினும் சந்தேகம் தணிந்தபாடில்லை, பெருகித்தான் இருக்கிறது. ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் குமாஸ்தா, தம் மேலதிகாரிகளின் முகத்தையும் குரலையும் காணொளிக் கூட்டத்தில் நேரில் கண்டு கேட்டு நம்பி, அவர்கள் கட்டளைப்படி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்ததும், கண்டதும் கேட்டதும் யந்திரம் ஜோடித்த மாயாரூபங்கள் என்று பிற்பாடு தெரிந்ததும், 2024-ஆம் வருஷ ஆரம்பத்தில் வெளியான செய்தி. அதைப் படித்த நாளிலிருந்து, பெரியவர் சாக்ஷாத்தாகத் திரையில் தோன்றினாலும், “தப்பா நெனைச்சுக்காதீங்கய்யா, மொதமொதல்ல நாம வித்த பம்பு யாருக்குங்க?” என்று கேட்டு, விடை வந்த பிறகுதான் கதவைத் திறக்கிறார். பெரியவர் கோபிப்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் இந்தக் கம்பெனியில் இவர் ஒருவர்தானாம்.

போன மாதம் கூட்டம் கலைந்த பிறகு, கேபிளைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

“ஆடியோ எல்லாத்துக்கும் கிளியராக் கேட்டுச்சுங்களா சார்?”

“கேட்டது” என்றேன்.

“வெளியாள் யாரும் வரலீங்களே?”

“வரவில்லை.”

திருப்தியுடன் திரும்பி நடந்தவரை நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். அவருக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் சம்பள உயர்வு அளிப்பதென்று அந்தக் கூட்டத்தில்தான், பெரியவர் முன்மொழிய, ஏகமனதாகத் தீர்மானமாகியிருந்தது. வெயிட்டிங் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் காதில் மாத்திரம் அது விழவில்லை.