பால்சா விமான வால்: ஒரு முன்னோட்டத்துக்கான முன்னுரை

ஆய்வு எல்லை: மாதிரி விமானத்தின் மூக்கும் இறக்கையும் உடலும் இவ்வாய்வுக்குள் வாரா. அவற்றைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் எழுதிவிட்டதால் எல்லை வாலோடு சுருங்கியது.

முன்னோர் ஆய்வு: 1871-இல் பாரிசின் துய்லெரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ, ரப்பர் முறுக்கில் ஓடும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். பின்னால் வால் வைத்திருந்ததால் அது குப்புற விழாமல் தானே சமநிலை காத்தது. பறக்கவிட்ட பிறகே கட்டுரை எழுதினார். இவ்வரிசை ஆய்வுலகில் இன்று வழக்கொழிந்துவிட்டது.

மரம்: பால்சா தென் அமெரிக்காவில் வளர்வது, குறிப்பாக ஈக்வடாரில். நகம் பட்டாலே குழி விழும். ஆயினும் பூத்துக் காய்க்கும் அகல இலை மரம் என்பதால், தாவரவியலார் இதைத் தேக்கோடு வன்மரப் பட்டியலில் சேர்த்துள்ளனர். பட்டியலிட்டபோது யாரும் நகத்தைப் பயன்படுத்தவில்லை என்பது என் கருதுகோள் (காண்க: இதே வாக்கியம்).

உறுப்புகள்: படுக்கை வால், நிமிர் வால். வரைபடத்தைப் பலகையில் விரித்து, பசை ஒட்டாதிருக்க மேலே மெழுகுத்தாள் போட்டு, 1/16 அங்குலத் தகட்டை அளவுக்கு வெட்டிக் குண்டூசியால் இருத்த வேண்டும். படுக்கை வாலில் மர ரேகை ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஓட வேண்டும். நிமிர் வாலில் கீழிருந்து மேலே. மாற்றி வெட்டிய வால் தும்மலுக்கே முறியும். முன் விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, பின் விளிம்பை மெலிதாக்குக.

சுக்கான்: திருப்பும்.

இனி ஆய்வின் உயிர்நிலை: பசைத்துளி. விமானத்தின் எடைமையத்திலிருந்து வால் 30 அங்குலம் பின்னால், மூக்கு 10 அங்குலம் முன்னால் என்க. வாலில் ஒரு கிராம் பசை கூடினால் ஈடுகட்ட மூக்கில் மூன்று கிராம் ஈயம் வேண்டும். ஆக, தாராள மனத்தோடு பிதுக்கிய ஒரு கிராம், நான்கு கிராமாக வந்து சேர்கிறது. கனம் கூடினால் தடித்த ரப்பர் வேண்டும், அதன் இழுவிசையைத் தாங்கத் தடித்த உடல் வேண்டும், தடித்த உடலை ஒட்ட மேலும் பசை வேண்டும் (காண்க: இக்கட்டுரை, வன்மரப் பத்தி, அடைப்புக்குறிக்குள் உள்ள ‘காண்க’, அது காட்டும் வாக்கியத்தையும் காண்க, இரண்டும் முரண்பட்டால் இதே ஆசிரியரின் எழுதப்படாத நூல், திருத்திய மூன்றாம் பதிப்பு, பின்னட்டையில் விலைக்கு மேலே உள்ள வெற்றிடம்). முனைவர் பட்ட ஆய்வேடுகளும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவையே: வாலில் துணைநூற்பட்டியல் கனக்கக் கனக்க, முகப்பில் துணைவேந்தரின் அணிந்துரையை ஈயமாக ஏற்றுகிறார்கள். சமநிலை கிடைத்துவிடுகிறது. பறப்பது வேறு விஷயம்.

இவ்விதியை மறுப்போர் உளரா என்று தேடினேன். என் மேசையருகே ஒருவரும் இல்லை. எனவே அறிஞர் உலகம் ஒருமனதாக ஏற்றது எனக் கொள்ளப்பட்டது (காண்க: மேற்படி மேசை, இடது இழுப்பறை, பூட்டியிருந்தால் சாவித் துளை வழியே காண்க).

வாலைப் பொருத்துமுன், விமானத்தைப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். படுக்கை வால் இறக்கைக்கு இணையாக, நிமிர் வால் அதற்குச் செங்குத்தாக இருந்தால் ஒட்டுங்கள். பசை ஊசிமுனையளவு போதும். முன்னதாக, வெட்டி இழைத்த தகடுகள் வளையாமலிருக்க இரவு முழுதும் மேலே பாரம் வைக்க வேண்டும். அதற்குத் தடித்த ஆய்வேடு எதுவானாலும் சரி. தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.