கியூபாச் சுருட்டில் உருபும் பயனும் உடன்தொக்க தொகை: ஒரு சுங்க இலக்கண ஆய்வு

சுருட்டு என்பது காரணப்பெயர். சுருட்டப்படுவதால் சுருட்டு. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதே சொல்லுக்கு நம்மிடம் இன்னொரு பொருளும் வழங்குகிறது. கல்யாண வீட்டில் வெள்ளிச் சொம்பைச் சுருட்டிவிட்டான் என்கிறோம். ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும்போதே, பிற்காலத்தில் அது எந்த முறையில் ஊர் தாண்டும் என்பதையும் சேர்த்து வைத்துவிட்ட மொழி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இச்சொல்லை ஆங்கிலேயர் 'செரூட்' ஆக்கி எடுத்துப் போனார்கள். எந்தச் சுங்கத்திலும் அவர்கள் அதை அறிவித்ததாகச் சான்று இல்லை.

இவ்வாய்வின் பொருள், விடுமுறைக்கு வெளிநாடு போன அமெரிக்கவாசி ஒருவர் கியூபாச் சுருட்டோடு வீடு திரும்புவது. களம் அமெரிக்க எல்லை. கருவி தமிழ் இலக்கணம். இந்தத் துறையை இதுவரை வழக்கறிஞர்களே ஆண்டுவந்ததால் அடிப்படைச் சிக்கல் யாருக்கும் பிடிபடவில்லை. அது சட்டச் சிக்கலே அல்ல, தொகைநிலைத் தொடர்ச் சிக்கல்.

'கியூபாச் சுருட்டு' என்ற தொடரை விரித்துப் பாருங்கள். கியூபாவில் செய்த சுருட்டு. 'இல்' என்ற ஏழாம் வேற்றுமை உருபும், 'செய்த' என்ற பயனும் நடுவில் மறைந்து நிற்கின்றன. மண்குடத்தில் 'ஆல் செய்த' ஒளிந்திருப்பதுபோல. ஆக, பெட்டிக்குள் ஒளிவதற்கு முன்பே சுருட்டின் பிறப்பிடம் சொல்லுக்குள் ஒளிந்துவிட்டது. சுங்க அதிகாரியின் வேலை தொகையை விரிப்பது மட்டும்தான். பயணியோ அதே தொகையை வேறு விதமாக விரிக்கிறார். "டொராண்டோவில் வாங்கிய சுருட்டு, ஐயா" என்கிறார். வாங்கிய என்ற பயனைச் சட்டம் ஏற்பதில்லை. எந்த நாட்டுக் கடையில் வாங்கினாலும், யார் அன்பளிப்பாகத் தந்தாலும், கியூபாவில் செய்தது என்றால் கியூபாவில் செய்ததுதான். உலகில் வேறெந்த அரசு ஊழியரும் வேற்றுமைத் தொகையில் இத்தனை கறாராக இருந்து நான் பார்த்ததில்லை.

இனி மூலநூல் வரலாறு. கியூபாவுடனான வணிகத்துக்கு முழுத்தடை விதித்த அறிவிக்கையில் அதிபர் கென்னடி 1962 பிப்ரவரி 3 அன்று கையெழுத்திட்டார். தடை 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இந்நூலுக்கு ஓர் ஆசிரியர் குறிப்பும் உண்டு. கென்னடியின் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் 1992-ல் தாமே எழுதி வெளியிட்டது. அதிபர் ஒரு மாலை அவரை அழைத்து, அவசரமாக ஓராயிரம் பெட்டி அப்மன் சுருட்டு வேண்டும், நாளைக் காலைக்குள் என்றாராம். இங்கே ஓர் எச்சரிக்கை: பெட்டி என்பது டப்பா அல்ல. பிரெஞ்சில் 'சின்ன' என்று பொருள். அந்தச் சுருட்டின் பெயரே அது. சாலிஞ்சர் இரவோடு இரவாகக் கடை கடையாக ஏறி, காலையில் 1200 கிடைத்துவிட்டது என்றார். உடனே கென்னடி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கையெழுத்திட்டாராம். அதுதான் தடை. விதி செய்பவர் தமக்கான விலக்கை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு விதியை எழுதுவது, நன்னூலிலும் நடக்காத காரியம்.

பிறகு இம்மூலத்துக்குப் பல உரைகள் எழுந்தன. 2014 டிசம்பரில் ஒபாமா உறவைச் சீர்செய்வதாக அறிவிக்க, 2015 சனவரியில் கியூபா போய்வருபவர் 100 டாலர் மதிப்புக்குச் சுருட்டும் மதுவும் கொண்டுவரலாம் என்றானது. 2016 அக்டோபரில் அந்த 100 டாலர் வரம்பும் போயிற்று. மூன்றாம் நாட்டில் வாங்கினாலும் சரி, சொந்த உபயோகத்துக்கு என்றால் மற்ற ஊர்ச் சுருட்டுக்குள்ள விதியே இதற்கும். சுங்கவரி இல்லாமல் 100 சுருட்டு வரை. 2020 செப்டம்பரில் டிரம்ப் ஆட்சி அந்த உரையை நீக்கி, பழைய மூலத்தையே மீண்டும் அச்சிட்டது. நாலே ஆண்டு. இந்த நாலாண்டை 'சங்கம் மருவிய காலம்' என்று அழைக்கப் பரிந்துரைக்கிறேன்.

நிலமும் பொழுதும் முதற்பொருள். இத்துறையின் நிலம் எளிதில் பிடிபடாது. காரணம், டொராண்டோ விமான நிலையத்தில் அமெரிக்கச் சுங்கம் அமெரிக்காவில் இல்லை. விமானம் ஏறும் முன்பே, கனடா மண்ணில், அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். 1952-லிருந்து இருக்கும் ஏற்பாடு. கனடாவோ கியூபாவுடன் உறவை ஒருநாளும் முறித்துக்கொள்ளாத நாடு. ஒரே கட்டடத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அது வெறும் சுருட்டு, அந்தப் பக்கம் குற்றம். இதைவிடத் தெளிவான திணைமயக்கத்தை எந்த உரையாசிரியரும் காட்டவில்லை.

கருப்பொருளில் விலங்கு பீகிள் நாய். அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பணியில் உள்ளது; பச்சைச் சட்டை போட்டிருக்கும். அது தேடுவது பழமும் இறைச்சியும்தான், புகையிலை அல்ல. இது தெரியாத சுருட்டுக்காரர் வெலவெலத்து நிற்பார். பீகிள் அவரைத் தாண்டிப் போய், கறிவேப்பிலையோடு அப்பாவியாக நிற்கும் ஓர் அம்மாள் பக்கத்தில் உட்காரும். உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். எட்டு மெய்ப்பாடுகளில் அச்சம், மருட்கை, உவகை மூன்றும் சுருட்டுக்காரர் முகத்தில் நாலு நொடிக்குள் வந்துபோகும். அழுகை அந்த அம்மாளுடையது.

அடுத்தது இடைச்செருகல். ஏட்டுச்சுவடிகளில் பிற்காலத்தார் தம் பாட்டை நடுவில் நுழைத்ததை நாம் குறை சொல்கிறோம். ஆனால் இக்கலையின் உச்சம் காலுறைக்குள் காணப்படுகிறது. இதற்கு நான் சான்றாகக் கொண்டது என் மச்சினன். நியூஜெர்சியில் இருக்கிறான், மனைவி வீட்டார் டொராண்டோவில். ஆண்டுக்கு ஒரு கல்யாணமோ வளைகாப்போ வந்துவிடும். அவனுடைய பயணங்களைச் சுவடி எண்ணிட்டு ஆராய்ந்தேன்.

முதற் சுவடி, 2018. தடையில்லாத காலம். பத்துச் சுருட்டு வாங்கினான், அதிகாரியிடம் சொன்னான், அவர் போகச் சொன்னார். வீட்டுப் பின்கட்டில் நண்பர்களுக்குக் கொடுத்தான். ஒருவர் "பரவாயில்லை" என்றார். இன்னொருவர் பாதியில் அணைத்துவிட்டு இன்னொரு வடை கேட்டார்.

இரண்டாம் சுவடி, 2022. இப்போது தடை உண்டு. ஐந்து சுருட்டுக்கும் பட்டையை உரித்துவிட்டான். பட்டை என்பது சுருட்டின் இடுப்பில் மோதிரம்போல ஒட்டியிருக்கும் வண்ணக் காகிதம். மான்டிகிறிஸ்டோ, பார்த்தகாஸ் என்றெல்லாம் பெயர் பொறித்திருக்கும். உரித்தபின் அவற்றை டொமினிக்கன் குடியரசுச் சுருட்டு டப்பாவில் அடுக்கினான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்கட்டில் அதே நண்பர்கள். "கியூபா" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். முன்பு வடை கேட்டவர் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பட்டை எங்கே?" என்றார்.

ஆய்வின் மையம் இந்தக் கேள்விதான். பட்டை இருந்தால் எல்லை தாண்டாது. பட்டையை எடுத்தால் தாண்டும், ஆனால் தாண்டியது கியூபாச் சுருட்டு என்று சொல்ல ஆதாரம் இல்லை. உருபு தொக்கு நிற்கலாம், கேட்பவர் மனத்தில் விரிய வேண்டும். விரியாத தொகை வெறும் புகையிலை. மச்சினன் அன்று இரவு எனக்குத் தொலைபேசியில், "அத்தான், உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டுக் கொண்டுவந்தேன், நம்ப மாட்டேங்கிறானுங்க" என்றான். குரல் தழுதழுத்தது.

மூன்றாம் சுவடி அடுத்த ஆண்டு. இம்முறை பட்டையோடுதான் என்று தீர்மானித்து, காலுறைக்கு ஒன்றாக இடைச்செருகல் செய்தான். டொராண்டோவில் அதிகாரி அவனிடம் புகையிலைப் பொருள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றான். அதே நொடியில் அவன் மனைவி, "அஞ்சே அஞ்சுதான்" என்றாள். பாடபேதம் கிடைத்தால் நல்ல பதிப்பாசிரியர் என்ன செய்வார்? மூலச்சுவடியைக் கொண்டுவரச் சொல்வார். அந்த அதிகாரியும் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஐந்தும் போயின. அபராதம் போடாமல் விட்டது அவர் பெருந்தன்மை. வீடு வரும்வரை கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை என்பது செவிவழிச் செய்தி.

இங்கே போலிச் சுவடிகள் பற்றியும் சொல்லவேண்டும். கடற்கரை ஊர்களில் கண்ணாடி மூடி போட்ட டப்பாவில் கோஹிபா என்று விற்பார்கள். கியூபா அரசு நிறுவனம் கண்ணாடி மூடி டப்பாவே செய்வதில்லை. உண்மையான டப்பாவில் 1912 முதல் பச்சை நிற உத்தரவாத முத்திரைக் காகிதம் ஒட்டுகிறார்கள். அடியில் முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிய மொழியில் சூடு போட்டிருக்கும். ஏமாந்து போலியை வாங்கியவர் கியூபாவில் செய்த எதையும் கொண்டுவரவில்லை. தடைச் சட்டத்தின் முன் அவர் நெஞ்சறிந்த குற்றவாளி, பொருளறிந்த நிரபராதி. குழப்பத்துக்கு அழகு சேர்க்க, அமெரிக்காவில் கோஹிபா என்ற பெயரை 1981-லேயே ஓர் அமெரிக்க நிறுவனம் பதிவு செய்து, டொமினிக்கன் குடியரசில் செய்த சுருட்டை அப்பெயரில் விற்றுவந்தது. கியூபாக்காரர்கள் பல பத்தாண்டு வழக்காடினார்கள். ஒரே பெயர், இரு சுருட்டு. பலபொருள் ஒருமொழிக்கு இனி 'மா'வை இழுக்கவேண்டியதில்லை.

சுருட்டுக்கும் இலக்கியத்துக்கும் நான் வலிந்து முடிச்சுப் போடுவதாக யாரேனும் நினைத்தால், ஹவானாவின் சுருட்டாலைகளைப் பார்க்கட்டும். 1865 முதல், தொழிலாளர் சுருட்டும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து நாளிதழும் நாவலும் உரக்க வாசிப்பது அங்கே மரபு. மான்டிகிறிஸ்டோ என்ற பெயர் அப்படி வாசித்த டூமாவின் நாவலிலிருந்து வந்ததென்பார்கள். நம் ஊர்க் கதாகாலட்சேபம்தான், கேட்பவர் கை சும்மா இருப்பதில்லை.

பட்டை இல்லாமல் சுருட்டின் ஊரைச் சொல்ல முடியுமா? முடியும் என்று சாதித்தவர் ஒருவரே. அவரும் கற்பனைப் பாத்திரம். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ல் வந்த தம் முதல் நாவலிலேயே தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தனி நூலே எழுதியிருப்பதாகவும் பிறகு சொல்லிக்கொள்கிறார். அந்த நூல் மட்டும் கைக்குக் கிடைத்திருந்தால் என் மச்சினன் பின்கட்டில் தலைநிமிர்ந்து நின்றிருப்பான்.

முடிவாகக் களச் சோதனை. இந்தியா கியூபாச் சுருட்டுக்குத் தடை விதிக்கவில்லை. ஆகவே சென்ற ஆண்டு டொராண்டோவிலிருந்து சென்னை வந்த உறவினர் ஒருவரிடம், பட்டையோடு, ரசீதோடு, ஒரு மான்டிகிறிஸ்டோவை ஆய்வுக்கென்று மச்சினன் கொடுத்தனுப்பினான். சுங்கத்தில் அவர் தானாகவே எடுத்துக் காட்டினார்; அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. கண்ணாடி அலமாரியில் அகராதிகளுக்கு முன்னால் வைத்தேன். எட்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தவர் ஒருவரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. போன வாரம் உறையூரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். எடுத்தார், பட்டையை நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார்.

"நம்ம ஊருச் சுருட்டுதானே மாப்பிள்ளை? எங்கப்பா பிடிப்பாரு. இதுல வண்டு விழுந்திருச்சே."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று துளைகள் இருந்தன.