தடுக்கி விழ விடாத புத்தகம்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகள் பல பத்தாண்டுகளாகக் கொண்டாடி வந்த ஒரு புத்தகம் உண்டு. லெவல்டு புக், அதாவது படித்தரம் பிரித்த வாசிப்புப் புத்தகம். அதன் பெருமையை வரிசையாக எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆரம்பப் படியில் இருக்கும் ஒன்றைத் திறந்து பாருங்கள். இன்னதைப் பார்க்கிறேன் என்ற ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும். கடைசிச் சொல் மட்டும் மாறும். அந்தச் சொல்லுக்குரிய பிராணி மேலே முழு வண்ணத்தில் நிற்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினால் போதும், மீதியை மணிமணியாக ஒப்பித்துவிடும். அச்செழுத்தை உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள், அப்போதும் பிசிறு தட்டாது. எழுத்தே இல்லாமலும் வாசிக்கலாம் என்கிற வசதி வேறு எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

இந்தப் பரிவுக்குப் பின்னால் பெரிய சிந்தனை இருக்கிறது. வாசிப்பு என்பது ஓர் உளமொழியியல் ஊக விளையாட்டு என்று கென்னத் குட்மன் 1967இல் எழுதினார். நியூசிலாந்தின் மேரி கிளேயும் பொருள், வாக்கிய அமைப்பு, எழுத்து என்ற குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்துக் குழந்தை சொல்லைக் கண்டுபிடிக்கிறது என்றார். ‘ஹார்ஸ்’ என்று அச்சிட்ட இடத்தில் குழந்தை ‘போனி’ என்று படித்தால் பொருள் கெடவில்லை, கவலை வேண்டாம் என்பது குட்மனின் கருத்து. அந்த இரண்டு சொல்லுக்கும் பொதுவாக இருப்பது ‘ஓ’ ஒன்றுதான். நாலைந்து எழுத்துக்காக ஒரு குழந்தையின் முகத்தை வாட விடாத பெரிய மனசு அது.

வகுப்புச் சுவர்களிலும் அதே கருணைதான். தெரியாத சொல் வந்தால் படத்தைக் கூர்ந்து பார் என்று சுவரொட்டியில் இருக்கும் கழுகு சொல்லும். தாண்டிப் போய் வாக்கியத்தை முடித்துவிட்டுத் திரும்பி வா என்று தவளை சொல்லும். அகரவரிசையையும் யாரும் கைவிடவில்லை. ஐரீன் ஃபவுண்டஸ், கே சூ பின்னல் இருவரும் வகுத்த படித்தரங்கள் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை 26. ஒவ்வோர் எழுத்தையும் புத்தகக் கூடையின் மேல் அழகாக ஒட்டி வைத்தார்கள்.

எனக்கு மலைப்பாக இருப்பது வேறொன்று. கீத் ஸ்டானோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்ட்டும் 1970களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகள், சொல்லை அடையாளம் காணச் சூழலின் தயவை அதிகம் நாடுகிறவர்கள் தடுமாறும் வாசகர்கள்தான் என்று காட்டின. தேர்ந்தவர்கள் அச்சைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லை அறிந்துவிடுகிறார்கள். ஆக, தடுமாறும் பிள்ளைகள் வேறு வழியின்றிப் பற்றிக்கொள்ளும் உத்தியை, இந்தப் புத்தகம் முதல் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பகிர்ந்து கொடுக்கிறது.

இதன் பக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் டிகோடபிள் புத்தகத்தை வைத்துப் பாருங்கள், பரிதாபமாக இருக்கும். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்று ஆறு எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே அந்த ஆறையும் வைத்துக் கதை சொல்லப் பார்க்கும். டின், பின், டாப், நாப், சிட். இதில் என்ன கதை வரும்? பிள்ளை ‘ப்... இ... ன்...’ என்று விரலை வைத்து நகர்த்தும். நெற்றி சுருங்கும். மூன்று ஒலியும் சட்டென்று ஒட்டிக்கொண்டு ‘பின்!’ என்று கத்தும்போது பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு பாடுபட்டும் ஒரு குண்டூசிதான் மிச்சம். போதாக்குறைக்கு அந்தப் பிள்ளை அதோடு நிற்பதில்லை. கடைப் பலகை, சோப்பு உறை, அக்காவின் நோட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிப் படித்து வீட்டாரை ஓய விடாது.

அதிகாரிகளும் ஒத்துழைக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் எழுத்தின் ஒலியை முறைப்படி கற்பிப்பது பலன் தருகிறது என்றது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 40 சொல்லை வாசிக்கும் சோதனை வைக்கிறார்கள். அதில் 20 சொல்லுக்குப் பொருளே கிடையாது. பொருளற்ற சொல்லை எந்த வாக்கியத்தை வைத்து ஊகிப்பது? மிசிசிப்பி மாநிலம் 2013இல் சட்டம் போட்டு ஆசிரியர்களுக்கு ஒலிவழிப் பயிற்சி கொடுத்தது. நான்காம் வகுப்பு வாசிப்பில் 49ஆம் இடத்தில் நிம்மதியாக இருந்த மாநிலம், 2019இல் 29ஆம் இடத்துக்கு வந்து நின்றது. நியூயார்க்கில் ஊகித்துப் படிக்கும் வழியை வளர்த்த லூசி கால்கின்ஸே 2022இல் தம் பாடத்திட்டத்தைத் திருத்தி ஒலிப்பயிற்சியைக் கூட்டினார்.

இத்தனைக்கும் நடுவில் பழைய புத்தகம் தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது. படம் இருக்கிறவரை எந்தப் பிள்ளையும் அதில் தடுக்கி விழுந்ததில்லை. நான்காம் வகுப்பில் படங்கள் குறைகின்றன. அறிவியல் பாடத்தில் ‘போட்டோசிந்தசிஸ்’ என்ற சொல் வருகிறது. பிள்ளை தொடக்கத்தைப் பார்க்கிறாள், மேலே பார்க்கிறாள், படம் இல்லை. ‘போட்டோகிராஃப்’ என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள். சொல்லிக்கொடுத்ததை அவள் இம்மி பிசகாமல் செய்திருக்கிறாள்.