நிற்பதும் இழுபடுவதும்

லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு வாங்குவதற்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். பள்ளிக்கூடம் கிட்டவா, கோயில் கிட்டவா, கார் விட இடம் இருக்கிறதா என்ற மூன்று கேள்வியோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு ஹூவர் வாங்குவதென்றால் இனசனம் முழுக்க அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். ஹூவர் என்றால் தூசி உறிஞ்சும் இயந்திரம். எந்தக் கம்பனி செய்தாலும் இங்கே அதற்கு அந்தப் பேர்தான். எங்கள் வீட்டுப் பழைய ஹூவர் ஒரு மார்கழி மாதம் எரிந்த ரப்பர் மணத்தோடு உயிரை விட்டது. நல்லது கெட்டதுக்கு எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள்கூட அன்றைக்கு டெலிபோன் எடுத்தார்கள்.

இரண்டு கட்சி உருவானது. கடைக்காரர்கள் அப்ரைட், சிலிண்டர் என்று பிரிப்பார்கள். மாமிக்கு அதெல்லாம் வாயில் வராது. அவருக்கு ஒன்று "நிக்கிறது", மற்றது "இழுபடுறது". நிற்கிறதில் மோட்டர், தூசிப் பை, பிரஷ் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். கைபிடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ள வேண்டியதுதான். இழுபடுகிறதில் மோட்டரும் பையும் சில்லு வைத்த பெட்டிக்குள் இருக்க, அதிலிருந்து நீளக் குழாய் ஒன்று வரும், குழாயின் முனையில் தலை. நாங்கள் முன்னால் போக அது பின்னால் வரும். வராவிட்டால் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

மாமி நிற்கிற கட்சி. "தம்பி, இழுபடுறதைக் கொண்டு குனிஞ்சு குனிஞ்சு உங்கடை இடுப்புத்தான் போகும்" என்றார். மனைவியும் அதே கட்சி, காரணம் வேறு. "இஞ்சாருங்கோ, நிக்கிறது எண்டா படிக்குக் கீழை நிப்பாட்டி வைக்கலாம். மற்றதின்ரை குழாயை எங்கை சுருட்டி வைக்கிறது?" இல்ஃபர்டில் இருக்கும் மைத்துனனுக்குக் கட்சி கிடையாது, வாட்ஸ்தான் கொள்கை. "அத்தான், எதை எண்டாலும் வாங்குங்கோ, வாட்ஸைப் பாத்து வாங்குங்கோ." சித்தப்பா மட்டும் இழுபடுகிற கட்சி. இவர்களில் எங்கள் வீட்டு ஹூவரை ஒருநாளாவது தொட்டவர் எவருமில்லை. பென்ஷன் எடுத்த நாளிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பவன் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மைத்துனனுக்குச் சரித்திரமும் தெரியும். "நிக்கிறதுதான் ஒறிஜினல், அத்தான். மற்றது பிறகு வந்த கொப்பி" என்றான். உண்மை நேர்மாறானது. 1901இல் இதே லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினியர் ஒரு துப்புரவு இயந்திரத்தின் கண்காட்சிக்குப் போனார். அது தூசியை உறிஞ்சவில்லை, ஊதியது. ஊதிய தூசி சுற்றிவர எழும்பிப் பழைய இடத்திலேயே வந்து இருந்தது. ஏன் உறிஞ்சக்கூடாது என்று பூத் கேட்டார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது. அவர் ஓர் உணவகத்துக்குப் போய், மெத்தைக் கதிரையில் கைலேஞ்சியை விரித்து, அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சுத் திணறியது, லேஞ்சியின் அடிப்பக்கம் கறுப்பாகியிருந்தது. பரிசோதனை வெற்றி. வியன்னாவில் இன்றைக்கும் சுற்றுகிற ராட்சத ராட்டினத்தின் வேலையிலும் கைவைத்த மனிதர் அவர், சின்னதாகச் செய்து பழக்கமில்லை. அவர் செய்த இயந்திரத்தைக் குதிரை இழுத்து வந்தது. பெற்றோல் எஞ்சினும் பம்பும் தெருவில் நிற்கும், நீளமான குழாய்கள் ஜன்னலால் வீட்டுக்குள் போகும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு முன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் சுத்தம் செய்தது. மோட்டர் ஓரிடம், குழாய் ஓரிடம்: இழுபடுகிற கட்சியின் மூதாதை இவர்.

நிற்கிறது அதற்குப் பிறகு, அமெரிக்காவில் பிறந்தது. ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரத்தில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்று ஒரு கடைத் துப்புரவுத் தொழிலாளி. ஆஸ்துமாக்காரர். கூட்டக் கூட்ட இழுப்பு வந்தது. ஒரு மின்விசிறி மோட்டர், ஒரு துடைப்பப் பிடி, ஒரு தலையணை உறை, ஒரு சுழலும் பிரஷ் என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துக் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் தோல் சாமான் வியாபாரியான வில்லியம் ஹூவர். கார் வந்து குதிரைச் சேணத்துக்கு மவுசு குறைந்த காலம் அது. மற்றப் பக்கத்தில் 1921இல் எலெக்ட்ரோலக்ஸ், சறுக்குச் சட்டத்தில் தரையோடு இழுபடும் உருளையை விற்றது. ஆக, எங்கள் வீட்டு வரவேற்பறைச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல். ஆனால் இரண்டு பக்கத்து மூதாதையரும் தாங்களே உறிஞ்சியோ கூட்டியோ பார்த்தவர்கள் என்பதை நான் மைத்துனனிடம் சொல்லவில்லை.

சரித்திரம் போகட்டும், வீட்டுக்கு வருவோம். ஹரோவில் 1930களில் கட்டிய இரட்டை வீடு. குசினியையும் குளியலறையையும் தவிர எங்கும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். ஊரில் என்றால் சீமெந்துத் தரை. தும்புத்தடியால் கூட்டி வாசலால் தள்ளினால் முடிந்தது. கார்ப்பெட் அப்படியல்ல. மேலே கிடக்கிற மிக்சர்த் தூள் கண்ணுக்குத் தெரியும். மயிருக்கு அடியில் இறங்கிய மணலும் தூசியும் தெரியாது. அதை எழுப்பத்தான் நிற்கிறதின் வயிற்றில் உருளைப் பிரஷ் இருக்கிறது. அது சுழன்று கார்ப்பெட்டைத் தட்ட, எழும்பிய தூசியைக் காற்று இழுக்கும். நீள மயிர்க் கார்ப்பெட்டில் நிற்கிறதை அடிக்க ஆளில்லை. மாமி சொன்னதிலும் நியாயம் உண்டு, அதைத் தள்ளும்போது குனிய வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பிரஷ், தமிழ் வீட்டுத் தலைமுடியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. எங்கள் வீட்டில் மனைவி, மாமி, இரண்டு மகள்மார். இடுப்புவரை கூந்தல், அதில் எண்ணெய் வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹூவரை மல்லாத்திப் போட்டு, கத்தரிக்கோலால் உருளையைச் சுற்றிய முடியை வெட்டி எடுப்பது என் வேலை. விட்டால் உருளை இறுகும், உருளையைச் சுற்றுகிற ரப்பர் பட்டி வழுக்கிச் சூடேறும், பிறகு மணம் வரும். பழையதைக் கொன்றது தேங்காய் எண்ணெய்தான் என்பது என் சந்தேகம். இந்தச் சந்தேகத்தை வீட்டில் சொல்ல முடியாது.

அடுத்தது சாமியறை. திருநீற்றைவிட நுண்மையான பொடியை எந்த எஞ்சினியரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். பையில்லாத ஹூவரில் அது வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்துத்தான் சூறாவளிக் காற்றால் தூசி பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்கிறார்கள், அதில் ஒன்றையாவது செவ்வாய் வெள்ளியில் சோதித்தாரா தெரியவில்லை. பை உள்ளதென்றால் திருநீறு பைக்குள் அடங்கும், பையோடு தூக்கிக் குப்பையில் போடலாம், தும்மல் இல்லை. பையில்லாததற்கும் ஒரு புண்ணியம் இருக்கிறது. மகளின் தோட்டுச் சுரை ஒருமுறை உள்ளே போனபோது, தெளிவான டப்பாவுக்குள் அது மினுங்கியது. பையென்றால் கத்தரிக்கோலால் கிழித்து, பழைய பேப்பரில் கொட்டி, மாமியின் மேற்பார்வையில் கிளற வேண்டும். தங்கம் போகிற வீட்டுக்கு டப்பா, திருநீறு போகிற வீட்டுக்குப் பை. எங்கள் வீட்டில் இரண்டும் போகும்.

மைத்துனனின் வாட்ஸ் கொள்கைக்கு வருகிறேன். வாட்ஸ் என்பது இயந்திரம் குடிக்கிற மின்சாரம். உறிஞ்சுகிற பலம் அல்ல. சாப்பிடுகிறவனெல்லாம் வேலை செய்கிறவன் என்று சொல்ல முடியுமா? 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 1,600 வாட்ஸுக்கு மேல் விற்கக்கூடாது என்றது. 2017 செப்டம்பரில் அதை 900க்குக் கீழே இறக்கியது, சத்தத்துக்கும் 80 டெசிபெல் என்று வரம்பு வைத்தது. முதல் தடை வரப்போகிறது என்றதும் ஆட்கள் கடைகளுக்கு ஓடி, பெரிய வாட்ஸ் இயந்திரங்களை அள்ளினார்கள். மைத்துனனும் ஓடினான். அது இன்னும் அவனுடைய கராஜில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டிய லேபிள் கதை இன்னும் நல்லது: சோதனையில் தூசி இல்லாத வெறும் ஹூவரை வைத்து அளந்தார்கள். டைசன் கம்பனி வழக்குப் போட்டு 2018 நவம்பரில் வென்றது, அடுத்த தையில் லேபிள்கள் கழன்றன. வெறும் வயிற்றோடு வேலைத்திறமையை அளப்பது ஹூவருக்கு மட்டும் நடந்த அநியாயமல்ல.

இந்த நாட்டில் தூசிக்காகத்தான் ஹூவர் வாங்குகிறார்கள் என்றும் நம்ப வேண்டாம். 1992இல் ஹூவர் கம்பனி, 100 பவுணுக்குச் சாமான் வாங்கினால் அமெரிக்கா போய்வர இரண்டு விமான டிக்கெட் இலவசம் என்று விளம்பரம் செய்தது. டிக்கெட் விலை ஹூவர் விலையைவிடப் பல மடங்கு. கார்ப்பெட்டே இல்லாதவர்களும் வாங்கினார்கள். கம்பனிக்குக் கிட்டத்தட்ட 5 கோடிப் பவுண் நட்டம், வழக்குகள் வருஷக்கணக்காக இழுபட்டன. அந்த அளவுக்கு வேறு எந்த ஹூவரும் இழுபட்டதில்லை.

கடைசியில் சித்தப்பா. அவர் எண்பதுகளில் வந்து இறங்கியவர். பகலில் ஆங்கில வகுப்பு, இரவில் நகரத்து ஒஃபிஸ்களில் கிளீனிங். "டேய், நான் இருவது வரியம் இதோடை சீவிச்சனான்" என்று அவர் தொடங்கினால் எல்லோரும் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்கள். நான் மட்டும் இருந்து கேட்டேன். ஒஃபிஸ்களில் அவர்கள் பிடித்தது சோமர்செட்டில் சார்ட் என்ற ஊரில் செய்கிற, சிரித்த முகம் வரைந்த சிவப்பு ஹென்றி. குழாய் மூக்கிலிருந்து வரும். பெரிய பை, லேசில் பழுதாகாது, உடைந்தால் சாமான் வாங்கலாம். "படியிலை பெட்டியைக் கீழை வைச்சிட்டுக் குழாயை மட்டும் தூக்கு. நிக்கிறதை ஒரு கையிலை தூக்கி மற்றக் கையாலை படியைத் துடைக்க உனக்கு மூண்டு கை வேணும்." மற்ற மூன்று பேரும் சேர்ந்து சொல்லாத ஒன்றை அவர் ஒரே வசனத்தில் சொன்னார்.

எங்கள் வீட்டுப் படிகள் ஒடுக்கமானவை, அதிலும் கார்ப்பெட். நிற்கிறவை பெரும்பாலும் ஆறேழு கிலோ. அதைப் படிப்படியாகத் தூக்கி வைத்து, கூடவருகிற கட்டைக் குழாயை இழுத்து வேலை செய்யும்போது, இயந்திரம் தலைகீழாக வருவதற்குச் சாத்தியம் அதிகம். கட்டிலுக்கு அடியிலும் சோஃபாவுக்கு அடியிலும் அது போகாது. இழுபடுகிறதின் தட்டையான தலை போகும். கார்ப்பெட்டுக்குத் தனியாகச் சுழலும் பிரஷ் தலை ஒன்றும் மாட்டிக்கொள்ளலாம், காற்றின் வேகத்திலேயே அது சுற்றும். நிற்கிறதின் உருளையைப்போல அவ்வளவு தட்டாது என்பது உண்மை. வாரத்துக்கு ஒருமுறை இரண்டு தரம் இழுத்தால் சரி.

நான் பை வைத்த இழுபடுகிறதை வாங்கி வந்தேன். மாமி கோபித்துக்கொண்டு அரை நாள் பேசவில்லை. அந்த அமைதியை எந்த டெசிபெல் சட்டத்தாலும் தந்திருக்க முடியாது. குழாய், படிக்குக் கீழே அலுமாரிக் கதவில் ஆணியடித்துத் தொங்குகிறது.

படி இருக்கிற வீட்டுக்கு, முடி நீண்டவர்கள் இருக்கிற வீட்டுக்கு இழுபடுகிறது நல்லது. ஒரே தளம், பெரிய அறைகள், முழுக்கத் தடித்த கார்ப்பெட், குனிய முடியாத இடுப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறதை வாங்குங்கள். எதை வாங்கினாலும், சனிக்கிழமை அதைப் பிடிக்கப்போகிறவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மைத்துனன்மாரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.