காத்தோங்கின் வசந்த அக்கா

வசந்த அக்கா என்பவர், நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 137 கிலோமீட்டர் வடக்கே, ஆண்டு முழுவதும் ஒரே வெக்கை அடிக்கும் ஊரில் வசந்தகாலம் கொண்டாடும் இனத்தைச் சேர்ந்தவர். சிங்கப்பூரின் காத்தோங், ஜூ சியாட், மரீன் பரேட் வட்டார அடுக்குமாடிகளில் பரவலாகக் காணப்படுவார். பிப்ரவரியில் கைப்பேசியில் ஜப்பானியச் செர்ரிப் பூக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மார்ச்சில் வீட்டு வாசலில் தொட்டிகள் பெருகும். ஏப்ரலில் கணவரின் முகம் மஞ்சளாகும்.

சிங்கப்பூர் இவரை அடியோடு ஏமாற்றுவதில்லை. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த தபேபுயா மரங்கள் இங்கே சாலையோரங்களில் நிற்கின்றன. சில வாரம் மழையின்றிக் காய்ந்து, பிறகு நன்றாக ஒரு மழை அடித்தால், இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கொட்டும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு முறை. ஊரார் வைத்த பெயர் சிங்கப்பூர் சகுரா. பூ சில நாள்தான் தாங்கும் என்பதால், கூட்டுகிறவர் வருமுன் படமெடுக்க அக்கா விடியலிலேயே கிளம்பிவிடுவார்.

வீட்டுத் தோட்டத்தில் இவருடைய கைராசி வேறு மாதிரி. காகிதப்பூச் செடியைக் கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும். மேம்பாலங்களில் அது கொத்துக் கொத்தாகப் பூப்பதற்குக் காரணம், யாரும் அதைக் கொஞ்சாததுதான். அக்கா காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார். செடி நன்றியோடு இலை இலையாகத் தழைக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடென்றால், பொது நடைவழியில் 1.2 மீட்டர் இடம் விடவேண்டும் என்ற தீப் பாதுகாப்பு விதியும் குறுக்கே நிற்கும். தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் கதவைத் தட்டுவதுண்டு. தட்டுகளை அன்றாடம் கவிழ்த்துவிட்டதாக அக்கா பெருமையோடு காட்டுவார். அவர்கள் கண் சமையலறை மூலையிலுள்ள ஜாடிமேல் போகும்.

செடி பூக்காவிட்டால் முகமாவது பூக்கட்டும் என்று ஜாடியில் ஊறுவது அரிசி. காத்தோங்கின் பெரனாக்கான் வீடுகளிலும் மலாய் வீடுகளிலும் வழிவழியாக இருந்துவந்த பெடாக் செஜுக் எனும் குளிர்ச்சி மாவுக்கான ஊறல். அரிசியை வாரக்கணக்கில் ஊறவைத்து, அவ்வப்போது நீர் மாற்றி, விரலால் நசுக்கினால் குழையும் பதம் வந்ததும் அரைத்து, துணியில் சொட்டுச் சொட்டாக வைத்து வெயிலில் உலர்த்துவார்கள். மணத்துக்குப் பாண்டான் இலை, மல்லிகை, ரோஜா. வேண்டும்போது இரண்டு மூன்று வில்லைகளை நீரில் குழைத்து முகத்தில் பூசினால் ஜில்லென்றிருக்கும். நல்ல பண்டம், ஆனால் முற்றமும் பொறுமையும் உள்ள வீட்டுக்கு உரியது. பன்னிரண்டாம் மாடியில் வெயில் இரண்டு மணி நேரம் எட்டிப் பார்க்கும். பிற்பகலில் மழை கொட்டும். முதல் வாரத்து வாடையில் மகன் கேட்கும் கேள்வி வீட்டுக்கு வீடு மாறுவதில்லை.

“என்னம்மா, எலி செத்துக் கிடக்கா?”

“வாய மூடு. அது பெடாக் செஜுக்.”

அரிசி ஊறும்வரை அக்காவால் சும்மா இருக்க முடியாது. தேக்கா கடைத்தெருவில் கஸ்தூரி மஞ்சள் வாங்கிவருவார். அசல் கஸ்தூரி மஞ்சள் வெளிர்நிறம், முகத்தில் ஒட்டாது. கடைகளில் அந்தப் பெயரில் வேறு கிழங்கின் பொடியும் வரும். சமையல் மஞ்சளாக இருந்தால் அதிலுள்ள குர்குமின் நிறமி லேசில் போகாது. எதையும் தன் முகத்தில் முதலில் பூசிப் பார்க்கும் வழக்கம் இந்த இனத்துக்கு இல்லை. ஆகவே 2024 ஜூனில் திறந்த மரீன் பரேட் நிலையத்தில் திங்கட்கிழமை காலை ரயிலேறும் கணவரைப் பார்த்து, சக ஊழியர் காமாலைக்கு நல்ல டாக்டர் ஒருவரைச் சொல்வார்.

பூச்சில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது கூடுதல் அபாயம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், கருத்தும் போகும். பளபளப்புக்குச் செய்தது புண்ணாய் முடியும். பஃபலோ ரோட்டில் மாலைக்கு வாங்கிய ரோஜாவை அரைப்பதும் வேண்டாத வேலை, பூச்சிமருந்து அடித்து வந்திருக்கலாம். நீர் சேர்ந்த எந்தக் கலவையும் குளிர்பெட்டியில்கூடச் சில நாள்தான் தாங்கும். அதற்குள் வேறு விபத்தும் நேரும்: தயிரில் குழைத்த பயத்தமாவை அடைமாவு என்று நினைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு வார்த்துவிடும் மாமியார்கள் இருக்கிறார்கள். நன்றாக இருந்தது, உப்புத்தான் குறைவு என்பது பொதுவான தீர்ப்பு.

எப்படியோ காய்ந்து மிஞ்சிய பெடாக் செஜுக் வில்லைகள் சின்னப் போத்தல்களில் ஏறி, சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் போகும். 1850களில் செண்பக மரம் நின்ற குளக்கரையில் கிடைத்த பிள்ளையாருக்காக எழுந்த கோயில் அது. இலங்கைத் தமிழர் நடத்துவது. அன்னதான வரிசையில் அக்கா போத்தலை நீட்ட, ஒரு யாழ்ப்பாணத்து அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“நாங்கள் முகத்துக்குப் பச்சைத் தண்ணிதான் பிள்ளை போடுறனாங்கள்.”

அக்காவின் முகம் வாடும்.

“சரி, ரெண்டாத் தா. பேத்திமாருக்குக் குடுப்பம்.”