மீன்தொட்டி நீர் புளித்தல் பற்றிய சாஸ்திர விசாரணை

மானிட ஜாதியின் கவலைகள் அளவிறந்தவையாயினும், கூடத்து மூலையில் வைத்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் முழுவதும் அடங்கிவிடும் கவலையும் ஒன்று உண்டு. தொட்டி நீரின் பி.எச். மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே போவதுதான் அது. மனையடிக்கும் பல்லி விழுதலுக்கும் தனித்தனியே சாஸ்திரம் செய்து வைத்த நம் முன்னோர் இவ்விஷயத்தில் மட்டும் மௌனம் சாதித்துவிட்டமையால், அக்குறையை நிரப்பும் பாரம் இந்த வியாசத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

இவ்வளவையை வகுத்தவர் மீன் வளர்த்தவரல்லர். டென்மார்க் தேசத்து ரசாயன அறிஞர் ஸோரன்ஸன், 1909ஆம் ஆண்டில், கோபன்ஹேகனின் பிரசித்தமான பீர் ஆலையைச் சார்ந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்திலிருந்து இதை உலகுக்கு அளித்தார். மதுபான ஆலையின் நிழலில் பிறந்த அளவையைக் கொண்டு, நீரன்றி வேறெதையும் அருந்தியறியாத கப்பி மீன்களைப் பரீட்சிப்பது ஆசாரத்துக்கு அடுக்குமா என்ற கேள்வியை நான் இங்கே எழுப்பப் போவதில்லை. 7 என்பது நடுநிலை. அதிலிருந்து ஒரு புள்ளி இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கும், இரண்டு புள்ளி இறங்கினால் 100 மடங்கும் பெருகும் என்பதையும், அரைப் புள்ளி கூட மும்மடங்குக்குச் சமம் என்பதையும் அறிந்தவர், ‘அரைப் புள்ளிதானே ஸார்’ என்று ஆறுதல் சொல்லும் அண்டை வீட்டாரை மன்னிக்க மாட்டார்.

இனிக் காரண விசாரம். மீன் உண்கிறது; உண்டதன் விளைவாக அம்மோனியா பிறக்கிறது; அதனை ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் புண்ணிய காரியத்தில் அமிலம் உற்பத்தியாகிறது. அவ்வமிலத்தைத் தாங்கி நிற்பது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட். அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு கிராம் இவ்விதம் மாறுவதற்கு, சுண்ணாம்புக் கணக்கில் ஏறக்குறைய 7 கிராம் செலவாகிறது. பைகார்பனேட் என்பது பிதுரார்ஜித சொத்தைப் போன்றது: அது இருக்கும் வரையில் வாரிசுகள் எவ்வளவு செலவழித்தாலும் குடும்ப கௌரவம் அசையாது, கடைசிக் காணி விற்ற மறுநாளே ஊரறியச் சரிந்துவிடும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீர், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுகிறதென்று எல்லாராலும் நிந்திக்கப்படுகிறது. அப்படலமே மீன்களின் ரக்ஷை என்பதை அறியாது, ஆர்.ஓ. நீரைப் பரிசுத்தமென்று எண்ணிப் பக்தியோடு ஊற்றுபவர், சொத்தே இல்லாத வீட்டில் மீன்களைக் குடிவைக்கிறார்.

பிரமாணங்களுள் சப்தம், அதாவது கடைக்காரர் வாக்கு, தள்ளத்தக்கது. அவர் எதைக் கேட்டாலும் புட்டி ஒன்றை நீட்டுவார். சோதனைத் திரவத்தால் அறிவது அனுமானம். புரோமோதைமால் நீலம் 7.6இல் நீலமாகவும், 7இல் பச்சையாகவும், 6இல் மஞ்சளாகவும் நிற்கும். 6க்குக் கீழே 5 ஆனாலும் அதே மஞ்சள்தான் என்பதால், மஞ்சளைக் கண்டு ‘ஆறுதான்’ என்று நிம்மதியடைவது பேதைமை. மேலும் செடிகள் அடர்ந்த தொட்டியில், இரவெல்லாம் சேர்ந்த கரியமில வாயுவால் விடியற்காலை அளவு தாழ்ந்தும், மாலையில் உயர்ந்தும் காணுமாகையால், காலையில் அளந்த கணவரும் மாலையில் அளந்த மனைவியும் வாதிட்டு முடிவு காண்பது அரிது. பிரத்தியட்சமோ நத்தையிடத்தில் உள்ளது. நீர் புளிக்கப் புளிக்க, அதன் ஓட்டில் மிகப் பழைய பாகமான சுருள் நுனி முதலில் வெளுத்து, பின் ஊசி குத்தினாற்போல் குழிவிழும். நத்தைக்கு விற்பதற்குப் புட்டி ஏதுமில்லாமையால், அதன் சாட்சியத்தையே நான் மேலானதாகக் கொள்கிறேன்.

‘ரியோ நீக்ரோவின் கடும் அமில நீரில் கார்டினல் டெட்ரா சுகமே வாழவில்லையா?’ என்பது பூர்வபக்ஷம். வாழ்கிறது, ஆனால் நம் தொட்டியிலிருப்பது சுண்ணாம்பு நீரை விரும்பும் மோலி. எனினும் பதறிப்போய் ஒரே மாலையில் பி.எச்.ஐ உயர்த்துவோர் மீன்களுக்குப் புளிப்பைவிடப் பெரிய சத்துருக்களாவர். புளித்த நீரில் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிட, தேங்கிய அம்மோனியா அம்மோனியமாகிப் பெரிதும் தீங்கின்றிக் கிடக்கும். ஒரு புள்ளி ஏற்றினால் அதன் விஷ வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகும். ஆகையால் சிறிது சிறிதாக நீர் மாற்றி அந்தத் தேக்கத்தைக் குறைத்த பின்னரே, கிளிஞ்சல் துண்டுகளைத் துணிப்பையில் கட்டி ஃபில்டரில் இடுக. அது தேவைக்கேற்ப மெல்லக் கரையும். அவசரமாயின், 50 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பசோடா, கார்பனேட் கடினத்தை 2 டிகிரி உயர்த்தும். அதையும் தனியே கரைத்து, இரண்டு மூன்று தினங்களில் பங்கிட்டு ஊற்றுவதே முறை. சமையலறை டப்பாவிலிருந்து அதை எடுக்கலாமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஆப்பத்துக்கு அரைத்து வைத்த நாளில் கூடாது என்பதில் மட்டும் எல்லாக் கட்சியாரும் ஒருமனப்பட்டிருக்கிறார்கள்.