வெளிச்சம் தராத விளக்குக்கு ஒரு வக்காலத்து

சார்ட் பேப்பரை நீளவாக்கில் மடித்து, மடிப்பிலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டே போய், எதிர் விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் கத்தரியை நிறுத்தி, பிரித்துச் சுருட்டி ஒட்டினால் காகித லாந்தர் ரெடி. தொடக்கப் பள்ளிக் கைவேலைதான். திரி கிடையாது, எண்ணெய் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. ஆனாலும் ஆம்பூர்ப் பக்கத்து விருந்து மேஜைக்கு இதைவிடத் தோதான அலங்காரம் வேறில்லை என்பது என் கட்சி. ஏனென்றால் இங்கே அலங்காரத்துக்கு வேலையே பிரியாணி வரும்வரைதான். அழைப்பிதழில் பன்னிரண்டரை என்று இருக்கும். சீரகச் சம்பாவோ தேக்சாவுக்குள் தம்மில் கிடக்கும், மூடிமேல் தணலோடு. கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் மாஸ்டர் பதம் பார்த்துத்தான் மூடியைத் திறப்பார். அந்த நேரத்தில் மேஜைமேல் பார்க்க ஒன்றும் இல்லையென்றால் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பிப்பார்கள். பழைய பாகப்பிரிவினை எல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். பிளாஸ்டிக் பூங்கொத்து இதைத் தடுக்காது. அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கோணலாக வெட்டிய லாந்தரை வைத்துப் பாருங்கள், "இதை யார் செஞ்சது?" என்று கேட்காதவர் இருக்க மாட்டார். செய்த பிள்ளை ஓடி வரும். சொத்துத் தகராறு அடுத்த பந்திக்குத் தள்ளிப்போகும்.

மேஜையில் இடம் எங்கே என்பார்கள். நியாயம்தான். ரோல் பேப்பர் விரித்த பந்தி மேஜையில் இலை, தண்ணீர் பாட்டில், தயிர்ப் பச்சடி, கத்திரிக்காய் எல்லாம் போக மிச்சம் முழங்கை வைக்கவே பற்றாது. அதனால்தான் காகிதம் என்கிறேன். பீங்கான் ஜாடி பரிமாறுகிறவருக்கு வழி விடாது, கவிழ்ந்தால் பஞ்சாயத்து வேறு. லாந்தரை ஒரு அமுக்கு அமுக்கினால் தட்டையாகிச் சட்டைப் பைக்குள் போய்விடும். பிரியாணிக்கு முன்னால் அடக்கமாக இருக்கத் தெரிந்த அலங்காரம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கடையில் ரெடிமேட் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள், எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோல் வெட்டுக்குப் பேர்போன ஊர்கள். தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தொளதொள. எந்தப் பக்கம் இழுபடும் என்று பார்த்துத்தான் ஷூவுக்கு அப்பர் வெட்டுவார்கள். காகிதத்திலும் நார் ஒரு வாக்கில்தான் ஓடும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் முரண்டு பிடிக்காமல் சுருளும். அந்த வாக்கிலேயே சுருட்டினால் நார் மேலிருந்து கீழாக நிற்கும், வெட்டிய பட்டைகளும் விறைப்பாக நிற்கும். மாற்றிச் சுருட்டினால் மதியத்துக்குள் தொங்கிவிடும். உள்ளே வேறு நிறத்தில் ஒரு குழாய், வெளித்தாளைவிடக் கொஞ்சம் குட்டையாக வைத்து, மேலும் கீழும் ஒட்டினால் பட்டைகள் தானாகப் புடைக்கும். தோலை அளந்து வெட்டும் ஊரில் இதைக் காசு கொடுத்து வாங்கினால் நன்றாகவா இருக்கும்?

விளக்கென்றால் எரிய வேண்டாமா என்பது பெரியவர்களின் ஆட்சேபம். எரியும் காகித விளக்குகளும் உண்டு, அவற்றின் இடம் வேறு. டிசம்பரில் வேலூர் வாசல்களில் பல்போடு தொங்கும் காகித ஸ்டார்களின் மூத்த சொந்தம், 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியப் பள்ளி ஒன்றின் வடிவியல் வகுப்பில் பிறந்தது. இலங்கையில் வெசாக் கூடு மூங்கில் பிளாச்சில் டிஷ்யூ தாள் ஒட்டி மே மாதப் பௌர்ணமிக்கு எரியும். இரண்டுமே உயரத்தில் தொங்குபவை. அவற்றுக்குக் கீழே யாரும் நெய்ச் சோறு பிசைவதில்லை. பந்தி மேஜையில் மெழுகுவத்தி வைத்தால் முதலில் பிடிப்பது ரோல் பேப்பர், அடுத்தது மாமாவின் ஜிப்பா. மண்டபத்தில் டியூப்லைட் எரியும்போது இதுவும் எரிந்து என்ன ஆகப்போகிறது?

பதில் சொல்லக் கஷ்டமான ஆட்சேபம் மின்விசிறி. ஐந்தில் சுழலவிட்டால் லாந்தர் பறந்து பச்சடியில் இறங்கும். ஃபேனை நிறுத்தலாமே என்கிறவர் மே மாத வேலூரைப் பார்த்ததில்லை. உள்ளே நாலு கூழாங்கல் போட்டுவிடுங்கள்.